மூடியைத் திறக்கக் கூடாத மூன்று நாள்

நாகராஜ் பெரியப்பா குனிந்து ப்ளக்கைப் பிடித்ததும் மாலதி கத்திவிட்டாள். "பெரியப்பா, தொடாதீங்க!"

விடியற்காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். அப்பா பூலோகம் உறக்கத்திலேயே போய்விட்டார் என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டபோதும், சந்து முனை டாக்டர் வந்து அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போது ஒரு ப்ளக்குக்காகக் கத்துகிறாள். பாயில் கிடந்த அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்த ஆள் வாசலில் நனைந்துகொண்டு நின்றான். "பாயிண்ட் கிதர் ஹை பாய்? ஜல்தி கரோ" என்று ப்ளக் பாயிண்ட் கேட்டு அவசரப்பட்டான். தாராவியின் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ப்ளக் பாயிண்ட் இரண்டுதான். ஒன்று போன மழைக்கே கருகிப்போனது. மற்றதில் அப்பாவின் முட்டை பொரிக்கும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, ஒங்கப்பன் தரையில கெடக்கான். மவன் ஹரி அகமதாபாத்துலருந்து வந்து சேர சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் ஐஸ் பெட்டில வைக்கண்டாமா? ஒனக்குக் கோழி முட்டை பெருசாப் போச்சா?"

"இன்னைக்கு இருபதாவது நாளு பெரியப்பா. கரண்ட்ட எடுத்தா எல்லாம் போயிரும்."

"போனாப் போவுது. ஆளே போயிட்டான்."

இழவு வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை வேண்டும். வேலை கிடைக்காதவர்கள் நாட்டாமை ஆகிவிடுவார்கள். கோபர்கைரனேயிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்து இறங்கியதிலிருந்தே பெரியப்பா நாட்டாமைதான். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு தாஹிர் பாய் எட்டிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டிலிருந்து நீண்ட ஒயரை இழுத்துக் கதவுக்கு மேலாகக் கொண்டுவந்து ஐஸ் பெட்டிக்குக் கொடுத்தார். அப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கண்ணாடி மூடிக்குள் குளிர் ஏறத் தொடங்கியது. நாலடி தள்ளி, இரும்பு டிரங்கின் மேல், அப்பா செய்த பெட்டி முப்பத்தேழரை டிகிரியில் இருந்தது.

அதுவும் ஒரு காலத்தில் ஐஸ் பெட்டிதான். சயானில் ஒரு மீன்காரியிடம் கேட்டு வாங்கிய தெர்மோகோல் பெட்டி. தோல் பை தைக்கும் பட்டறையில் முப்பது வருஷம் பசை வாடையை இழுத்து இழுத்து மார்பு பழுதானபின், இனி அந்தப் பக்கம் போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மீன் வாடை போகப் பெட்டியை நாலு நாள் வெயிலில் போட்டு, நாற்பது வாட் பல்பு ஒன்றும் பழைய கம்ப்யூட்டரின் குட்டி விசிறி ஒன்றும் பொருத்தினார். சூடு கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் ஏற்றுகிற ஒரு சின்னக் கருவியை வாங்கி மாட்டினார். மூடியில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்தார். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் மீட்டர் ஒன்று உள்ளே. சங்கரன்கோவில் பக்கத்தில் மாரீஸ்வரன் என்று வாட்ஸாப்பில் பழக்கமான ஒருவர், உமி நிரப்பிய டப்பாவில் நாட்டுக்கோழி முட்டைகளை நாகர்கோவில் ரயிலில் யாரிடமாவது கொடுத்துவிடுவார். பொரிந்தால் குஞ்சுகள் பன்வேலில் தாஹிர் பாயின் மச்சான் வீட்டுத் தோட்டத்துக்குப் போகும் என்பது பேச்சு. போனதில்லை. இதுவரை ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

ஊர்க்காரர்கள் போடும் வீடியோவில் முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் வை என்பார்கள். ஜூலை மாதத்துத் தாராவியில் அந்தப் பேச்சு செல்லாது. இங்கே காற்றே பாதி தண்ணீர். ஈரம் அதிகமானால் முட்டைக்குள் வற்ற வேண்டிய நீர் வற்றாது, குஞ்சு உள்ளேயே முங்கிப்போகும். ஆகவே பதினெட்டு நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் வைக்கக் கூடாது என்று அப்பா தானாகவே கண்டுபிடித்தார். கடைசி மூன்று நாள் மட்டும் எல்லாம் தலைகீழ். கிண்ணம் நிறையத் தண்ணீர், நனைந்த ஸ்பாஞ்ச், எழுபதுக்குக் குறையாத ஈரம். அந்த மூன்று நாளும் முட்டையை உருட்டக் கூடாது. மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் ஒரே மூச்சில் வெளியே போய்விடும். ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டைக் கொத்தி மூக்கை வெளியே நீட்டிய குஞ்சு, அப்படியே அசைய முடியாமல் மாட்டிச் சாகும்.

மாலதிக்கு இது வீடியோ பார்த்துத் தெரிந்ததல்ல.

மார்ச் மாதம் முதல் தடவை வைத்தபோது, இதேபோல் இருபதாம் நாள், அப்பா மார்பு பரிசோதனைக்குப் போயிருந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "மாலா, மூடியத் தொடாத. வீடே இடிஞ்சு விழுந்தாலும் தொடாத." கண் டாக்டர் கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை அவளுக்கு. அன்று லீவு. மூன்று முட்டைகளில் கீறல் விட்டிருந்தது. வீடியோ எடுத்து கிளினிக் தோழிகளுக்கு அனுப்ப ஆசை. கண்ணாடியோ உள்பக்கம் வேர்த்துப் போய் வீடியோவில் எதுவும் தெளிவாக விழவில்லை. ஒரே ஒரு நிமிஷம் என்று மூடியை எடுத்தாள். பிறகு இன்னொரு தடவை. வீடியோவைப் பார்த்த தோழி ஒருத்தி உடனே போன் பண்ணி, "ஏய், சோ க்யூட்" என்று ஆரம்பித்துக் கதை எங்கெங்கோ போனது. பேசி முடித்துத் திரும்பியபோது மூடி பக்கத்து நாற்காலியில் கிடந்தது. பல்பு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரமாவது இருக்கும். அவசரமாக மூடினாள். சாயங்காலம் அப்பா வந்து பார்த்தபோது மீட்டர் நல்ல பிள்ளையாக எழுபதைக் காட்டியது.

பன்னிரண்டில் ஒன்றுகூட வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் அப்பா செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு முட்டையாக நகத்தால் உரித்தார். எல்லாம் முழுசாக இருந்தன. இறகு, நகம், மூக்கு நுனியில் ஓடு உடைக்கிற வெள்ளைப் புள்ளி, எதற்கும் குறைவில்லை. காய்ந்த சவ்வு மட்டும் காகிதம் போல இறக்கையில் ஒட்டிக் கிடந்தது. "ஈரம் பத்தல. ஆனா எழுவதுலா காட்டுச்சு?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரியே மீட்டரைச் சோதித்தார். பாட்டில் மூடியில் உப்பை வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவைப்பது. எட்டு மணி நேரம் கழித்து மீட்டர் எழுபத்தைந்து காட்டினால் அது சரியான மீட்டர். எழுபத்தைந்து காட்டியது. மறுநாளும் வைத்தார். எழுபத்தைந்து. மூன்றாம் நாளும் அதே. "மீட்டர் மேல தப்பில்ல மாலா" என்றார். அவள் வேலைக்குப் போடச் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போனபின் அது சொல்லக்கூடிய விஷயமாகவே இல்லாமல் போயிற்று.

மீட்டர் சரி, பல்பு சரி, முட்டை சரி. மிச்சம் இருப்பது யார்? அந்த மனிதர் தானே ஒரு முடிவுக்கு வந்தார். ஜூன் கடைசியில் மாரீஸ்வரன் மறுபடியும் பன்னிரண்டு முட்டை அனுப்பியபோது டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "நீ வை மாலா. எனக்குக் கைராசி இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

"இருக்கு. ஒங்கை பட்டா வரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள்தான் வைத்தாள். தினமும் மூன்று வேளை அவள்தான் உருட்டினாள். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இந்தப் பக்கம் பென்சில் குறி மேலே வரணும், அந்த ஓரத்து முட்டையை நடுவுக்குக் கொண்டா என்று சொல்வாரே தவிர, பதினெட்டு நாளில் ஒரு தடவைகூட முட்டையைத் தொடவில்லை. தன் கை பட்டால் கெட்டுவிடும் என்று ஒரு மனிதர் தன் வீட்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு, காரணம் தெரிந்தவள் முட்டையை உருட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசியது. நேற்று சாயங்காலம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள பேசுது" என்று சொன்னார். அப்போதும் கை முதுகுக்குப் பின்னால்தான்.

மணி பன்னிரண்டானது. மழை விடவில்லை. ஆட்கள் வருவதும் போவதுமாகக் கதவு திறந்தே கிடந்ததால் அறை குளிர்ந்துபோயிருந்தது. மாலதி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கண் மீட்டரில்தான் இருந்தது. முப்பத்தேழு புள்ளி ஒன்றுக்கு இறங்கியபோது எழுந்து போய்ப் பழைய போர்வையைப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். காற்றுத் துவாரங்களை மூடிவிடாமல் மடித்துவிட்டாள். பக்கத்தில் யாரோ கொளுத்தி வைத்த ஊதுபத்தியை எடுத்துத் தள்ளி வைத்தாள். "பெத்த தகப்பன் செத்துக் கெடக்கான், பிள்ள பெட்டிக்குப் போர்வை போத்துது" என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. சொன்னவள் மேல் தப்பில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

பாடைக்கு மூங்கில் வந்து இறங்கியபோதுதான் பெரியப்பாவுக்கு அந்த விஷயம் உறைத்தது. "அட, இன்னைக்குச் சனிக்கிழமைலா!"

அதற்குமேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சனிப் பிணம் தனியாகப் போகாது. சனிக்கிழமை போகிறவர் துணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று ஒரு பயம். அதற்காகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். துணைக்கு ஒரு உயிர் தந்தாகிவிட்டது, இனி இந்த வீட்டுப் பக்கம் திரும்பாதே என்று செத்தவரிடம் கேட்டுக்கொள்வது. திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனாலும் இந்தப் பயம் டிக்கெட் எடுக்காமலே கூட வந்துவிட்டது.

"தாஹிர் பாய் கடையில கோழி கெடைக்கும்லா" என்றாள் ஒருத்தி.

"அவரு நம்ம துக்கத்துக்காகக் கடைய மூடிட்டுப் பாடை வேலையா அலையுதாரு. அதுவும்போக, கடைக்கு எதுக்குப் போவணும்?" பெரியப்பா டிரங்கின் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா இருக்குலா, ஒரு பெட்டி நெறைய."

மாலதி முந்திக்கொண்டாள். "இன்னும் பொரியல பெரியப்பா."

"பொரியலன்னா என்ன? முட்டையாவே துணியில முடிஞ்சு கட்டிருவோம். உள்ள உசுரு இருக்குலா? கடை முட்டைன்னாத்தான் வெறும் முட்டை. எந்தம்பி அடைவச்சது எந்தம்பி கூடப் போவட்டும். இதவிடப் பொருத்தமா என்ன கெடைக்கும்?"

அவர் குரல் அங்கே உடைந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பிக்குப் பிரியமானதைத் தம்பியோடு அனுப்ப நினைக்கிறார். பெண்கள் எல்லாரும் ஆமாம், அதுதான் சரி என்றார்கள். மாலதிக்கே ஒரு கணம் அது சரியென்று பட்டுவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அம்மா மீனாட்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு மாலா. ஹரி ரயில்ல வந்துகிட்டு இருக்கான். தண்டவாளமெல்லாம் தண்ணிங்காவ. எனக்கு நெஞ்சு படபடன்னு வருது."

"ஒண்ணு எடுக்கணும்னாலும் மூடியத் திறக்கணும்மா. திறந்தா மத்த பதினொண்ணும் செத்துரும்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்மா."

எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. பெரியப்பாதான் கேட்டார். "முட்டை பெருசா, கூடப்பொறந்தவன் பெருசாட்டி ஒனக்கு?"

மாலதி எழுந்தாள். துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். "நான் கோழி கொண்டாரேன். அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கம்மா" என்றாள். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பன் பிணம் வீட்டில் கிடக்கக் கல்யாணமாகாத பெண் தெருவில் இறங்கிக் கோழிக்கடைக்குப் போவது அந்தச் சந்து கண்டிராத காட்சி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

தாஹிர் பாய் சந்து முனையில், பாடை கட்டுகிற இடத்துக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் சாவியை எடுத்தார். "குஞ்சு இல்லியேம்மா. பெரிய கோழிதான் இருக்கு."

"உசுரோட இருந்தாப் போதும் பாய்."

பாதி ஷட்டரைத் தூக்கிக் கூண்டுக்குள் கையை விட்டார். ஒரு வெள்ளைக் கோழி வந்தது. அதன் காலைக் கட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார். "ஒங்கப்பா மார்ச்சுல அந்தச் செத்த குஞ்சுங்களப் பேப்பர்ல சுருட்டி இங்கதான் கொண்டாந்தாரு. பன்னெண்டையும் இந்தக் கட்டை மேல வரிசையா வச்சு, 'பாய், நான் எங்க தப்புப் பண்ணேன், பாத்துச் சொல்லுங்க'ன்னாரு. நான் வெட்டுறவன். எனக்கு என்னம்மா தெரியும்? ஏதாவது சொல்லி அனுப்பிருக்கலாம். ஒண்ணும் சொல்லத் தோணல."

மாலதி வாயைத் திறந்தாள். தப்பு அவருடையது இல்லை பாய் என்று சொல்ல வந்தாள். கோழி படபடவென்று இறக்கையை அடித்தது. பாய் அதை அவள் கையில் கொடுத்து, "தலைகீழாப் புடி, அடங்கிரும்" என்றார். அப்பா இந்தக் கட்டை முன்னால் நின்ற கோலம் கண்ணுக்குள் வந்தது. கோழியைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடியே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அம்மா இல்லை. அம்மா எழுந்து வந்து டிரங்கில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டாமல் யாரும் பெட்டியைத் தொட முடியாது. பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மீட்டரில் எழுபத்தொன்று. ஒரு முட்டையின் ஓட்டில் மிளகளவு துண்டு தெறித்திருந்தது.

ஹரி வந்து சேர நாலரை ஆயிற்று. அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லாரும் சேர்ந்து அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பாடையில் கிடத்தினார்கள். கால்மாட்டு மூங்கிலில் வெள்ளைக் கோழியைக் கட்டினார்கள். கூண்டை விட்டால் வெட்டுக்கட்டை என்றே வளர்ந்த பிராணி, மழையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது. "குஞ்சு இல்லாட்டாலும் கோழிதான்" என்று பெரியப்பா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். மாலதியின் முறை வந்தது. ஒரு பிடி அரிசியோடு குனிந்தாள். அப்பாவின் கைகள் இரண்டையும் மார்பின் மேல் சேர்த்து, பெருவிரல்களைத் துணியால் கட்டியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் இருந்த அந்தக் கைகளைப் பார்த்ததும் அவள் உடைந்துபோனாள்.

"அப்பா, நான்தான்ப்பா திறந்தேன்! போன தடவ மூடியத் திறந்தது நான்தாம்ப்பா! ஒங்க கை மேல ஒரு தப்பும் இல்லப்பா! சொல்லாம இருந்துட்டேம்ப்பா!"

காலையிலிருந்து கல்லாக இருந்தவள் கதறிவிட்டாள் என்று சுற்றி நின்றவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. ஒருத்தி வந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழு தாயி, நல்லா அழு. மனசுல வைக்காத" என்றாள். ஒப்பாரி வைக்கிற பெண்கள் செத்தவரோடு பேசுவது வழக்கம்தானே. என்னென்னவோ சொல்வார்கள். நான் உனக்குச் சோறு போடலியே என்பார்கள், நல்லபடி பார்க்கலியே என்பார்கள். யாரும் அதைப் பொருள் பார்த்துக் கேட்பதில்லை. நாலு மாதமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை அத்தனை பேர் நடுவில் உரக்க வெளியே வந்து, அழுகையோடு அழுகையாகப் போய்விட்டது. கேட்க வேண்டியவரின் வாய் நிறைய அரிசி இருந்தது.

"நேரமாச்சு, தூக்குங்க" என்றார் பெரியப்பா. சந்தில் சங்கு ஊதினார்கள். பாடை மூலை திரும்பும்போது கோழி ஒரு தடவை கத்தியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹரியும் பெரியப்பாவும் சாம்பல் எடுக்கச் சயானுக்குப் போய்விட்டார்கள். அடுப்பு பற்றவைக்கவில்லை. தாஹிர் பாய் வீட்டிலிருந்து வந்த இட்லியும் டீயும் மூடியபடியே இருந்தன. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலதி டிரங்கின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். விடியற்காலை முதல் பெட்டிக்குள் ஓயாத கீச்சுச் சத்தம்.

"எத்தனை?" என்று அம்மா கேட்டாள்.

"ஒம்பது."

"மிச்சம்?"

"மூணு கொத்தவே இல்லம்மா. இனி வராதுன்னு நெனைக்கேன்."

அம்மா பெட்டியைப் பார்த்தபடியே, "நேத்து அரிசி போடும்போது நீ சொன்னது எனக்குக் கேட்டுது" என்றாள்.

மாலதி திரும்பவில்லை. வசவுக்குக் காத்திருந்தாள். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அம்மா வையவில்லை.

"ஒங்கப்பா மார்ச்சுல அந்த முட்டைகள உரிச்சுப் போட்டுட்டு என்னப் பாத்தாக. எனக்கு அன்னைக்கு என்ன கோவமோ, குழாயில தண்ணி வரலியோ என்னமோ. ராசியில்லாத கைக்கு எதுக்கு இந்த வேலன்னு சொல்லிட்டேன். அப்பிடியே எழுந்து போய்க் கையக் கழுவிட்டு வந்தாக." அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அதுவரைக்கும் அவுகளுக்கு அப்பிடி ஒரு நெனப்பே கெடையாது மாலா."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அரிசி டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளித் தட்டில் போட்டாள். தரையில் உட்கார்ந்து, செம்பின் அடியால் அதை நுணுக்கத் தொடங்கினாள்.

"பசியோட கத்துது பாரு. முழு அரிசி தொண்டையில மாட்டிரும். குருணையாக்கிப் போட்டாத் திங்கும்" என்றாள்.

பொரிந்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் தீனி தேவையில்லை. வயிற்றுக்குள் வாங்கிக்கொண்ட மஞ்சள் கருவே போதும். இறகு காயும்வரை பெட்டியை விட்டு வெளியே எடுக்கவும் கூடாது. மாலதிக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் அரிசி டப்பாவை நகர்த்தி அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

அம்மா இரண்டாவது கையும் அள்ளிப் போட்டாள். நுணுக்கியதை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொடியாகட்டும் என்று மறுபடியும் செம்பை எடுத்தாள்.